ஊர்தி செல்லும் எல்லை: கழுகுக் குன்றுக்கு ஏறிய வழிகள்

பாலி மொழியில் அமைந்த மகாபரிநிப்பான சுத்தம் ஓர் அரசியல் தூதோடு தொடங்குகிறது. மகத மன்னன் அஜாதசத்துரு வஜ்ஜியரை வேரோடு அழிக்க எண்ணுகிறான். அது குறித்துப் புத்தர் என்ன சொல்கிறார் என்று அறிந்துவர அமைச்சன் வஸ்ஸகாரனை அனுப்புகிறான். புத்தர் அப்போது இராசகிருகத்தை அடுத்த கிருத்ரகூடத்தில், அதாவது கழுகுக் குன்றில், தங்கியிருக்கிறார். அமைச்சன் ஊர்திகளைப் பூட்டச் செய்து புறப்படுகிறான். ஊர்தி செல்லக்கூடிய நிலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஊர்தியில் சென்று, பிறகு இறங்கிக் கால்நடையாகவே புத்தரை அடைந்தான் என்கிறது அந்நூல்.

இது பாலி நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாய்பாடு. சாமஞ்ஞபல சுத்தத்தில் அஜாதசத்துரு யானை மீதேறி ஜீவகனின் மாந்தோப்புக்குச் செல்லும்போதும் யானை செல்லும் எல்லை முடிகிறது. மன்னன் இறங்கி நடக்கிறான். ஆகவே இவ்வரிகளை நேரில் கண்டவரின் பதிவாகக் கொள்ள இயலாது. ஆனால் வாய்பாடு வெறும் சொல்லடுக்கும் அன்று. துறவியின் முன்னிலைக்கு ஊர்தியில் செல்லலாகாது, எவ்வளவு பெரியவனாயினும் ஓர் இடத்தில் இறங்கியாக வேண்டும் என்னும் நெறி அதற்குள் உறைந்திருக்கிறது. கிருத்ரகூடத்தின் பாதை வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது: எங்கே இறங்குவது, யார் மேலே செல்வது?

இராசகிருகம் இன்று ராஜ்கிர் எனப்படுகிறது. பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் உள்ளது. வைபாரம், விபுலம், ரத்தினகிரி, உதயகிரி, சோனகிரி ஆகிய குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பழைய நகரம் இருந்தது. சாந்து பூசாமல் பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய மதில் அக்குன்றுகளின் முகடுகள் மீது சுமார் 40 கிலோமீட்டர் ஓடியது. கிருத்ரகூடம் இவற்றில் ஒன்றின் உச்சியன்று. ரத்தினகிரியை ஒட்டிய மலைத்தோளில் துருத்தி நிற்கும் பாறை மேடு அது. அருகே குகைகள் உள்ளன. மேட்டின் மீது செங்கல் கட்டுமானத்தின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது.

சீனத் துறவி பாகியான் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தார். அப்போதே பள்ளத்தாக்கின் பழைய நகரம் ஆளற்றுக் கிடந்தது. வெளியே இருந்த புதிய நகரில் தூபம், மலர், எண்ணெய், விளக்கு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, அவ்வூரில் நெடுநாள் வாழ்ந்த பிக்குகள் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் மலையேறினார். மேலே விளக்கேற்றி, புத்தர் இங்கு வாழ்ந்த காலத்தில் தாம் பிறக்கவில்லையே என்று கண்ணீர் உகுத்தார். ஓர் இரவு அங்கேயே தங்கிச் சூத்திரம் ஓதினார். கடை, வழித்துணை, பூசைப்பொருள் என்று யாத்திரைத் தலத்துக்குரிய ஏற்பாடுகளின் தொடக்கம் இக்குறிப்பிலேயே தெரிகிறது.

ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் பயின்ற யுவான் சுவாங் பாதையைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். புத்தரின் உரையைக் கேட்பதற்காக மன்னன் பிம்பிசாரன் ஆட்களைத் திரட்டி, பள்ளங்களை நிரப்பி, கற்களை அடுக்கி, மலையடி முதல் மேல் வரை படிவழி அமைத்தான். அதன் அகலம் சுமார் பத்து அடிவைப்பு. நீளம் ஐந்து ஆறு லி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். வழியின் நடுவில் இரண்டு சிறு ஸ்தூபிகள் நின்றன. ஒன்றின் பெயருக்கு ஊர்தியிலிருந்து இறங்கிய இடம் என்பது பொருள். அங்கிருந்து மன்னன் நடந்து சென்றான். மற்றொன்றின் பெயருக்குக் கூட்டத்தைத் திருப்பியனுப்பிய இடம் என்பது பொருள். உடன்வந்த எளிய மக்களை மன்னன் அதற்கு மேல் வரவிடவில்லை.

பிம்பிசாரனுக்கும் யுவான் சுவாங்குக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. எனவே அந்த இரு நிகழ்ச்சிகளும் உண்மையில் நடந்தனவா என்று இக்குறிப்பைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. ஏழாம் நூற்றாண்டு யாத்திரிகர்கள் அப்பாதையை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை மட்டும் அது ஐயமின்றிக் காட்டுகிறது. முதல் ஸ்தூபி மன்னனின் பணிவைக் குறித்தது. இரண்டாவது ஸ்தூபி அப்பணிவின் வரம்பைக் குறித்தது. ஊர்தியைத் துறந்த மன்னன் தன் தனிச்சலுகையைத் துறக்கவில்லை. பாதையைக் கல் சுமந்து அமைத்தவர்களும் அந்த எளிய மக்களிடமிருந்து வந்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

பிம்பிசாரனின் முடிவைப் பற்றிப் பாலி உரைமரபு சொல்லும் கதையை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும். மகன் அஜாதசத்துரு அவனைச் சிறையிலிட்டு உணவை நிறுத்தினான். சிறைக்குள் தியான நடை நடந்தே மன்னன் உயிர் தாங்கினான். அதையறிந்த மகன் நாவிதனை அனுப்பித் தந்தையின் உள்ளங்காலைக் கீறச் செய்தான். கழுகுக் குன்றுக்கு நடந்து செல்லப் பாதை அமைத்த மன்னன் நடக்கவியலாமல் இறந்தான். ராஜ்கிரில் பிம்பிசாரன் சிறை என்று காட்டப்படும் இடிபாட்டிலிருந்து கிருத்ரகூடத்தைப் பார்க்கலாம் என்று வழிகாட்டிகள் இன்றும் சொல்கிறார்கள்.

பௌத்தம் மகதத்தில் மங்கிய பின் பாதையைக் காடு மூடியது. சமணருக்கும் இந்துக்களுக்கும் ராஜ்கிர் புனிதத் தலமாகத் தொடர்ந்தது. கழுகுக் குன்று மட்டும் நினைவிலிருந்து விலகியது. 1905–06இல் தொல்லியல் துறை ஜான் மார்ஷல் தலைமையில் நடத்திய ஆய்வுகளுக்குப் பின்னரே இடமும் பாதையும் தெளிவாக அடையாளம் பெற்றன. ஏறக்குறைய அதே காலத்தில் ஊருக்குப் புகைவண்டி வந்தது. பக்தியார்பூரிலிருந்து பீகார் ஷரீப் வரை 1903இல் மார்ட்டின் நிறுவனம் அமைத்த குறுகிய இருப்புப்பாதை 1911இல் ராஜ்கிர் வரை நீண்டது. 1962இல் அது அகலப்பாதையானது.

மலைமீது ஊர்தி ஏறியது 1960களில்தான். அதற்குக் காரணமானவர் நிச்சிதத்சு ஃபூஜி என்னும் ஜப்பானியத் துறவி. 1933இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தவர். ஃபூஜி குருஜி என்று இந்தியாவில் அறியப்பட்டவர். ஹிரோஷிமா, நாகசாகி அழிவுக்குப் பின் உலகெங்கும் சாந்தி ஸ்தூபிகள் எழுப்புவதைத் தம் பணியாகக் கொண்டார். நிச்சிரென் மரபைச் சேர்ந்த அவருக்குத் தாமரைச் சூத்திரமே தலையாய நூல். அது உரைக்கப்பட்ட இடமாக அந்நூலே கூறுவது கிருத்ரகூடம். ரத்தினகிரி உச்சியில் அவர் எழுப்பிய விசுவ சாந்தி ஸ்தூபிக்கு 1965இல் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அடிக்கல் நாட்டினார். 1969 அக்டோபர் 25 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்துவைத்தார். ஒருவர் மட்டும் அமரும் நாற்காலிகள் தொங்கும் ரோப்வேயும் அவருடைய முயற்சியால் ஜப்பானிய நன்கொடையாக வந்தது.

தாமரைச் சூத்திரத்தின் புகழ்பெற்ற உவமையும் ஊர்திகளைப் பற்றியதுதான். எரியும் வீட்டுக்குள் விளையாடும் பிள்ளைகளை வெளியே வரவழைக்கத் தந்தை ஆட்டுவண்டி, மான்வண்டி, எருதுவண்டி என்று மூன்று தருவதாகச் சொல்கிறார். வெளியே வந்ததும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே வகையான பெரிய வண்டியைத் தருகிறார். யாரையும் வேறுபடுத்தாத ஒரே யானம் என்பது அந்நூலின் மையக் கருத்து. கூட்டத்தைத் திருப்பியனுப்பிய இடம் என்று ஒரு ஸ்தூபி நின்ற மலையில், அச்சூத்திரத்தைப் போற்றிய துறவி எவரும் ஏறத்தக்க ஊர்தியை நிறுவியது கருதத்தக்கது.

எவரும் என்பது முழு உண்மையன்று. அந்த நாற்காலி நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அமர வேண்டும், ஓடும்போதே இறங்க வேண்டும். முதியோரும் கைக்குழந்தையோடு வருவோரும் அஞ்சினர். 2021இல் எட்டுப் பேர் அமரும் மூடிய பெட்டிகளைக் கொண்ட புதிய ரோப்வே இயங்கத் தொடங்கிய பிறகு அந்த அச்சம் பெருமளவு நீங்கியது. மலையடி வரை வருவதற்குக் குதிரை பூட்டிய டாங்கா வண்டியும் ஆட்டோவும் உள்ளன. பாட்னாவிலிருந்தும் கயாவிலிருந்தும் பேருந்திலோ ரயிலிலோ ராஜ்கிரை அடையலாம்.

பெற்றதோடு இழந்ததும் உண்டு. ரோப்வே சென்று சேரும் இடம் ரத்தினகிரியின் புதிய ஸ்தூபி, கழுகுக் குன்றன்று. அதற்குப் படிவழியாகக் கீழிறங்கிச் செல்ல வேண்டும். வெண்ணிற ஸ்தூபியைக் கண்டு, படம் எடுத்து, வந்த வழியே திரும்பும் பயணிகள் பலர். தாம் எந்த மலைக்கு வந்தோம் என்பதை அறியாமலே அவர்கள் போகிறார்கள். பண்டைக் காலத்தில் மன்னன் ஆணையால் மக்கள் பாதி வழியில் திரும்பினர். இன்று எவரும் தடுக்காமலேயே திரும்புகின்றனர். ரோப்வே நிலையத்தில் பழைய பாதையையும் அந்த இரு ஸ்தூபிகளின் செய்தியையும் விளக்கும் தெளிவான பலகை ஒன்று இருந்தாலே இந்நிலை ஓரளவு மாறும்.

கால் வலுவுள்ளோர் பெட்டியில் மேலேறி, கழுகுக் குன்றுக்கு நடந்து வந்து, பிம்பிசாரன் பாதை வழியே மலையடிக்கு இறங்கலாம். ஏற்றத்தின் களைப்பு இல்லை. பழைய பாதையும் தவறுவதில்லை. இறங்கும் வழியில் செங்கல் எச்சமாக இரண்டு சிறு மேடுகள் வரும். யுவான் சுவாங் குறித்த ஸ்தூபிகள் அவையே என்று கருதப்படுகிறது. அங்கே சற்று நின்று செல்வது தகும்.