போலீஸ் ஏலத்துல கார் எடுக்கப் போறீங்களா? முதல்ல 1937-க்குப் போயிட்டு வாங்க

மதுவிலக்கு வழக்குல பிடிபட்ட வண்டிகளை கடலூர் மாவட்ட போலீஸ் ஏலம் விடும்போதெல்லாம் "சல்லிசா ஒரு கார் கிடைக்குமா?"னு கேக்குற விருத்தாசலத்துக்காரங்களுக்கு இந்த த்ரெட். நோயாளிகிட்ட முதல்ல பழைய கதையைக் கேட்டுட்டுத்தான் தொட்டுப் பார்ப்போம். வண்டிக்கும் அதேதான்.

டாஸ்மாக் இருக்கிற ஊர்ல என்னங்க மதுவிலக்கு? சட்டம் 1937-ல, ராஜாஜி காலத்துல வந்தது. சேலம் மாவட்டத்துல தொடங்கி, 1948-ல மாகாணம் முழுக்கப் பரவுச்சு. 1971-ல கலைஞர் தளர்த்தினார், 1974-ல அவரே மூடினார். 1981-ல எம்.ஜி.ஆர். திறந்தார். 2003-ல சில்லறைக் கடையும் டாஸ்மாக் கைக்குப் போச்சு. கடைதான் திறந்து மூடிச்சே தவிர, அந்தச் சட்டம் இன்னும் அப்படியே இருக்கு. வண்டியைப் பறிமுதல் பண்றதும் அதன்படிதான்.

இன்னொரு பாதி புதுச்சேரி. 1948-ல அது பிரெஞ்சுக்காரங்க கையில இருந்துச்சு, அங்க மதுவிலக்கு இல்லை. 1954-ல இந்தியாவோட சேர்ந்தும் நிர்வாகம் தனி, மது வரி தனி, விலை கம்மி. கடலூர் தாண்டினா அந்த எல்லைதான். கார் டிக்கியில பாட்டில் ஏறினது இந்த விலை வித்தியாசத்தை நம்பித்தான்.

பிடிபட்ட வண்டி அப்புறம் ஸ்டேஷன் வாசல்ல வெயில்லயும் மழையிலயும் கிடக்கும். டயர்ல தேங்குற தண்ணி டெங்கு கொசுவுக்குப் பிரசவ வார்டு (இது என் தனிப்பட்ட கடுப்பு). இப்படி வருஷக்கணக்கா போட்டு வைக்காதீங்கன்னு 2002-லயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

அதனால ஏலத்துக்கு முன்னாடியே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. எலி கடிச்ச வயர், துருப்பிடிச்ச தரை, செத்த பேட்டரி எல்லாம் இருக்கலாம். உள்ளது உள்ளபடிதான் விற்பாங்க, வாரன்டி கிடையாது. ஏலத்தொகைக்கு மேல ஜிஎஸ்டி, ரிப்பேர், புது இன்சூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு அப்புறம் கையைத் தூக்குங்க.

முக்கியமானது பேப்பர். அரசு ஏலத்துல எடுத்த வண்டிக்கு, கையில வாங்கின 30 நாளுக்குள்ள ஆர்டிஓ-கிட்ட படிவம் 32 கொடுக்கணும். ஏலம் விட்ட அதிகாரி கையெழுத்துப் போட்ட விற்பனைச் சான்று, ஏலத்துக்கு அனுமதி கொடுத்த ஆணையோட நகல் ரெண்டும் வேணும். கடத்தல் வண்டியில நம்பர் பிளேட்டே போலியா இருக்கலாம். அப்படின்னா முதல்ல ஏலம் விட்ட துறை பேர்ல புது நம்பர் போட்டு, பிறகுதான் உங்க பேருக்கு மாத்துவாங்க. அதுவரைக்கும் வண்டியை ரோட்டுல இறக்காதீங்க.