யாழும் யேமன் நாட்டுக் கன்பூஸும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்தைச் சொந்த ஊராகச் சொல்பவர்கள் ஏராளம். யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசாகப் பெற்ற மண் என்பது அவ்வூர்ப் பெயருக்குச் சொல்லப்படும் கதை. ஆனால் தம் பாட்டனார் யாழின் ஒலியைக் கேட்டிருந்தார் என்று எவரும் என்னிடம் சொன்னதில்லை.

இந்த நினைவை எழுப்பியது ஓர் அரபுப் பாட்டு. வளைகுடாவில் பல்லாண்டு வேலை செய்து திரும்பிய நண்பர் ஒருவர், வெள்ளவத்தையில் உள்ள தம் வீட்டு மாடியில் அதை ஒலிக்கவிட்டார். ஒரு குரல், ஒரு நரம்புக் கருவி. மொழி விளங்கவில்லை, எழுந்துவரவும் மனமில்லை.

அக்கருவியின் பெயர் கன்பூஸ். யேமனின் தலைநகரான சனாவில் துர்பி என்றும் சொல்வர். ஒரே மரத்துண்டைக் குடைந்து, வயிற்றுப் பகுதியின்மேல் ஆட்டுத்தோல் போர்த்து, நரம்புகளை நான்கு நிரையாகக் கட்டுவார்கள். திருமண இரவிலும், பிற்பகலில் நண்பர்கள் கூடும் அறையிலும் பாடகர் இதை மீட்டியபடி தனித்துப் பாடுவார். பதினான்காம் நூற்றாண்டுவரை வேர்கொண்ட கவிதை மரபு அது. சில வேளை கன்பூஸுக்குப் பதிலாக ஒரு செப்புத் தட்டே துணை. இரு கட்டைவிரல்களில் அதைத் தாங்கி, மற்ற எட்டு விரல்களாலும் மெல்லத் தட்டுவர். முயன்று பாருங்கள், அதன் அருமை தெரியும்.

1962 வரை ஆண்ட இமாம்களின் காலத்தில் அங்கு இசைக்கு மதிப்பில்லை, தடையும் இருந்தது. பாடகர்கள் மூடிய அறைகளுக்குள் பாடினர். சிறிய கருவியாதலால் ஆடைக்குள் மறைத்துச் செல்ல முடிந்தது. தடைக்குத் தப்பிய கன்பூஸை, பெரிய ஊத் என்னும் அரபுக் கருவி பின்தள்ளியது. 2003 இல் சனாப் பாட்டை மனித குலத்தின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, பழைய முறை அறிந்த முதியவர் சிலரே எஞ்சியிருந்தனர். 2015 இல் சனாவின் பழைய நகரத்திலேயே குண்டுகள் விழுந்தன. ஆனாலும் அங்கே கேட்டுக் கற்க ஒரு கை இருந்தது.

நமக்கு அது இல்லாமற் போயிற்று. யாழ் வேறு இனம். கன்பூஸில் ஒரே நரம்பை அழுத்திப் பல சுரங்கள் பெறலாம், யாழில் சுரத்துக்கு ஒரு நரம்பு. பொருநராற்றுப்படை யாழின் பத்தரை மானின் குளம்புச் சுவட்டுக்கும், போர்வைத் தோலை விளக்குச் சுடரின் நிறத்துக்கும் ஒப்பிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் குமிழங் கொம்பில் மரல் நாரைக் கட்டித் தானே யாழ் செய்துகொள்கிறான். இத்தனை விரிவாகப் பாடி வைத்த கருவி கைநழுவிப் போனது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தருடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரப் பதிகம் யாழில் அடங்காததால் கருவியையே முறிக்க ஓங்கினார் என்பர். சுரத்துக்கு ஒரு நரம்பு என்ற கருவியின் எல்லையை உணர்ந்தவர்கள் சொன்ன கதை என்றே அதைக் கருதுகிறேன். நாளடைவில் வீணை அதன் இடத்தைப் பிடித்தது.

காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள் தேடத் தொடங்கியபோது குரு என்று எவருமில்லை. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும், விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் கற்ற கணிதமுமே துணை. 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். அப்போது பல்கலைக்கழகம் கொழும்பிலேயே இருந்தது. 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. நூலின்படி செய்த கருவிகளை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். அவற்றை வாசித்தவர் க. பொ. சிவானந்தம் பிள்ளை, வீணை வித்துவான். வேறு யார் இருந்தார்கள்? மறுமாதம் 19 ஆம் திகதி அடிகளார் கொழும்பில் காலமானார்.

நரம்புகளின் அளவும் பண்களின் கணக்கும் யாழ் நூலில் கிடைக்கின்றன. பாணனின் விரல் எப்படி வளைந்தது என்பதை எந்தக் கணக்காலும் மீட்க இயலவில்லை. அண்மைக் காலத்தில் தருண் சேகர் என்ற இளைஞர் தமிழகத்தில் யாழ் செய்திருக்கிறார். அவரும் பழைய பாட்டுகளிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.