தில்லிக் கல்லூரிகளின் கல்வியாண்டும் உத்தியோகக் கனவும்

தில்லியில் நவீனக் கல்லூரிப் படிப்பு தொடக்கத்திலிருந்தே உத்தியோகத்தை ஒட்டித்தான் வளர்ந்தது. அஜ்மீரி வாசலருகே இருந்த பழைய காஜியுத்தீன் மதரசாவை 1825இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆதரவில் எடுத்துத் தில்லிக் கல்லூரியாக மாற்றியது. 1828இல் ஆங்கிலப் பிரிவு சேர்ந்தது. மறு ஆண்டு அவத் அரசின் முன்னாள் அமைச்சர் இத்திமாதுத் தௌலா 1,70,000 ரூபாய் நன்கொடை கொடுத்தார். கீழ்த்திசைப் பிரிவில் படித்தவர்களிடம் சம்பளம் வாங்குவதற்கு மாறாக உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தார்கள். கணிதமும் வானியலும் அங்கே உருது மொழியிலேயே கற்பிக்கப்பட்டன. பாடநூல்களை உருதுவில் ஆக்குவதற்கென்றே ஒரு மொழிபெயர்ப்புச் சங்கம் இயங்கியது. கணித ஆசிரியர் ராமச்சந்திரர் 1850இல் எழுதிய நூல், டி மார்கன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் முயற்சியால் 1859இல் லண்டனில் மறுபதிப்புக் கண்டது. தாய்மொழியில் அறிவியல் முடியுமா என்று இன்றும் நடக்கும் விவாதத்தில் இந்தக் கல்லூரியின் பெயர் போதிய அளவு நினைக்கப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஆனால் வேலைச் சந்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1837இல் நீதிமன்றங்களில் பாரசீக மொழி தன் இடத்தை இழக்கத் தொடங்கியது. 1844இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசுப் பணிகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். எதைப் படித்தால் எந்த வேலை என்ற கேள்வி அன்றே தில்லி வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அக்கல்லூரியில் படித்த நசீர் அகமதைத் தந்தை ஆங்கிலப் பிரிவில் சேர விடவில்லை. அவர் கீழ்த்திசைப் பிரிவிலேயே படித்துப் பள்ளி ஆய்வாளராகி, இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருதுவில் பெயர்த்த பணியில் பங்கேற்று, துணை கலெக்டராக உயர்ந்தார். உருதுவின் முதல் நாவல்களில் ஒன்றையும் அவரே எழுதினார். உடன் படித்த சக்காவுல்லா அலகாபாத் மியூர் மத்தியக் கல்லூரியில் பேராசிரியரானார்.

1857 எழுச்சியில் கல்லூரி சூறையாடப்பட்டது. முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார். 1864இல் மீண்டும் திறந்த கல்லூரியை 1877இல் அரசு மூடி, லாகூர் அரசுக் கல்லூரியோடு இணைத்தது. அதன்பின் பட்டப்படிப்புக்குத் தில்லி இளைஞர் வெளியூர்தான் போக வேண்டியிருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் 1881 பிப்ரவரி முதல் தேதி, சாந்தினி சவுக் பகுதியில் ஒரு வாடகை வீட்டில், ஐந்து மாணவர்களோடு செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரி தொடங்கியது. 1899இல் கினாரி பஜாரில் ஹிந்து கல்லூரியும், 1917இல் ராம்ஜாஸ் கல்லூரியும் வந்தன. தில்லிக்கெனப் பல்கலைக்கழகம் இல்லாததால் இவை லாகூரிலிருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. பாடத்திட்டமும் வினாத்தாளும் அங்கிருந்தே வந்தன.

1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டதும் தில்லி எழுத்தர்களின் ஊராகத் தொடங்கியது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் தெரிந்த சென்னை மாகாணத்துத் தமிழர்கள் தலைமைச் செயலக வேலைக்கு வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்காக 1923இல் எழுந்த முயற்சியே பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளாக வளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், 1922 மே மாதம், தில்லிப் பல்கலைக்கழகம் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகள் மூன்று, மாணவர்கள் சுமார் 750 பேர், கலை, அறிவியல் என்று இரண்டு புலங்கள். முதல் துணைவேந்தர் ஹரி சிங் கௌர். அதே 1922இல் ஐ.சி.எஸ். தேர்வு முதன்முறையாக இந்திய மண்ணில், அலகாபாத்தில் நடந்தது. பின்னர் தில்லியிலும் நடந்தது. லண்டனுக்குக் கப்பலேற வசதியில்லாத பட்டதாரிக்கும் கலெக்டர் கனவு எட்டும் தூரத்துக்கு வந்தது அப்போதுதான்.

1933இல் பழைய வைஸ்ராய் மாளிகை பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 1938 முதல் 1950 வரை துணைவேந்தராக இருந்த மாரிஸ் குவையர், கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். அவர் காலத்தில், 1943இல், இரண்டாண்டு இன்டர்மீடியட்டும் இரண்டாண்டு பி.ஏ.வும் என்ற பழைய ஏற்பாட்டை விட்டுவிட்டுத் தில்லி மூன்றாண்டுப் பட்டத்துக்கு மாறியது. கல்கத்தா பல்கலைக்கழகக் குழு 1919இல் சொல்லியிருந்த யோசனைதான் அது. மற்ற மாநிலங்கள் பின்னரே அந்த வழிக்கு வந்தன, தமிழ்நாட்டில் பி.யு.சி. மறைந்து பிளஸ் டூ வந்தது 1978இல். தில்லியின் கல்லூரி வரலாற்றில் எதை முதலில் சொல்ல வேண்டும் என்றால் 1943ஐத்தான் சொல்ல வேண்டும். ஒரே கல்லூரியில், ஒரே பாடத்தில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இருந்து ஆனர்ஸ் பட்டம் பெறும் மாணவருக்கு, தனக்கு எது வரும் எது வராது என்று பார்த்துத் தெளிய நேரம் கிடைத்தது.

ஜூலையில் மழையோடு வகுப்புகள் திறக்கும், ஏப்ரல் வெயிலில் ஆண்டுத் தேர்வு நடக்கும் என்பதே பல தலைமுறைகளுக்குக் கல்வியாண்டாக இருந்தது. நடுவில் தேர்வுப் பயமில்லாத ஒரு நீண்ட குளிர்காலம். நாடகம், விவாத மேடை, மாணவர் சங்கம் எல்லாம் அந்த இடைவெளியில் தழைத்தவை. முதல் ஆண்டு மாணவர் எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்க அவசரம் இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் வேலைகளும் பெருகின, கல்லூரிகளும் பெருகின. காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ் 1949இல் தில்லிப் பொருளியல் பள்ளியை நிறுவினார். திட்டமிடும் அரசுக்குப் பொருளியலாளர்கள் தேவைப்பட்ட காலம் அது. 1961இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஸ்ரீ வெங்கடேசுவரா கல்லூரியைத் தொடங்க, தென்னிந்தியக் குடும்பங்களுக்கு அது சொந்த வீடுபோல் ஆயிற்று. பகலில் வேலை பார்த்தவர்களுக்கு மாலைக் கல்லூரிகள் இருந்தன. அதற்கும் வர இயலாதவர்களுக்கு 1962இல் இந்தியாவின் முதல் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பைத் தில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கப்பட்ட எழுத்தருக்கும், இடையில் படிப்பு நின்றுபோன பெண்களுக்கும் தபாலில் வந்த பாடக்கட்டுகள் செய்த உதவி, பெரிய கல்லூரிகளின் புகழுக்குப் பின்னே மறைந்து கிடக்கிறது.

அந்த அஞ்சல்வழிக் கல்வியைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் தௌலத் சிங் கோத்தாரி. 1934இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இயற்பியல் பேராசிரியர். 1964–66 கல்விக் குழுவுக்கும் அவரே தலைவர். குடிமைப் பணித் தேர்வை மாற்றியமைக்க 1974இல் அமைந்த குழுவும் அவர் தலைமையில்தான் இயங்கியது. அதன் விளைவாக 1979 முதல் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று கட்டமாகத் தேர்வு நடக்கிறது. முதன்மைத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் எழுதலாம் என்றானது. கிராமத்தில் தமிழ்வழியில் படித்த ஒருவர் ஐ.ஏ.எஸ். ஆனதைப் பாராட்டும்போது கோத்தாரியையும் சேர்த்தே நினைக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டம் முடிகிற 21 வயதும் தேர்வுக்கான குறைந்தபட்ச வயதும் ஒன்றாக அமைந்ததால், தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை அடுத்த முகர்ஜி நகரும் கரோல் பாக்கை ஒட்டிய பழைய ராஜேந்தர் நகரும் காலப்போக்கில் பயிற்சி மையங்களின் பேட்டைகளாயின. தமிழ்நாட்டிலிருந்து வரும் தேர்வர்கள் பலருக்கு ராஜேந்தர் நகரின் சின்ன அறைதான் தில்லி.

கல்வியாண்டைப் பொறுத்தவரை, ஆண்டை இரு பருவமாகப் பிரிக்கும் செமஸ்டர் முறை தில்லிக்குப் புதிதல்ல. ஐ.ஐ.டி.யிலும், 1969இல் சென்னைக்காரரான ஜி. பார்த்தசாரதியை முதல் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் அதுவே நடைமுறை. தமிழ்நாட்டில் 1978இல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளும் அதைக் கைக்கொண்டன. தில்லிப் பல்கலைக்கழகம் மட்டும் பட்டப்படிப்பில் ஆண்டுத் தேர்வை விடாமல் வைத்திருந்தது. 2010இல் அறிவியல் பாடங்களிலும் 2011இல் மற்றப் பாடங்களிலும் செமஸ்டர் வந்தபோது ஆசிரியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆண்டு முழுவதற்குமான பாடத்தை இரண்டாக வெட்டினால் ஊன்றிப் படிக்க முடியாது என்பது ஆசிரியர்களின் வாதம். தொடர்ந்து மதிப்பிட்டால் ஒரே தேர்வில் வாழ்வு முடிவாகும் அபாயம் குறையும், கிரெடிட்டைப் பிற பல்கலைக்கழகங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது நிர்வாகத்தின் வாதம். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் மாணவரின் நேரம் சுருங்கியது என்னவோ நிச்சயம். கல்லூரி பழகும் முன்பே, நவம்பரில் முதல் தேர்வு வந்து நிற்கத் தொடங்கியது.

இதற்குள் 1991க்குப் பிந்தைய தனியார் வேலைகள் கனவின் திசையை மாற்றியிருந்தன. ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி போன்ற இடங்களுக்கு நிறுவனங்களே வந்து ஆளெடுத்தன. 2011இல் அக்கல்லூரியின் முதல் கட்-ஆஃப், பள்ளியில் வணிகவியல் படிக்காதவர்களுக்கு நூறு விழுக்காட்டைத் தொட்டது. மூன்றாம் ஆண்டின் தொடக்கமான ஐந்தாவது செமஸ்டரிலேயே வேலை நேர்காணல்கள் தொடங்கிவிட, செமஸ்டர் விடுமுறைகள் இன்டர்ன்ஷிப்புக்கான காலமாயின. முந்தைய தலைமுறை பட்டம் வாங்கிய பிறகு கேட்ட கேள்வியை இவர்கள் முதலாண்டிலேயே கேட்க வேண்டியதாயிற்று.

2013இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டம், பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவால் 2014 ஜூனில் கைவிடப்பட்டது. தேசியக் கல்விக் கொள்கையின்படி 2022இல் அது வேறு வடிவில் திரும்பியது. சேர்க்கையும் பள்ளி மதிப்பெண்ணிலிருந்து பொது நுழைவுத் தேர்வுக்கு மாறியது. ஜூலை மாதமும் கைவிட்டுப் போயிற்று. முதலாண்டு வகுப்புகள் 2022இல் நவம்பர் 2, 2023இல் ஆகஸ்ட் 16, 2024இல் ஆகஸ்ட் 29, 2025இல் ஆகஸ்ட் 1 என்று வெவ்வேறு நாளில் தொடங்கின. 2022இல் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் ஆறு செமஸ்டர் முடிந்ததும் மூன்றாண்டுப் பட்டத்தோடு விடைபெற்றார்கள். வெளிநாட்டு மேற்படிப்பையோ ஆய்வையோ எண்ணியவர்கள் 2025 ஆகஸ்டில் ஏழாவது செமஸ்டருக்குள் நுழைந்தார்கள். 1943இல் வகுத்த மூன்றாண்டைத் தாண்டி, புதிய திட்டத்தின்படி தில்லிக் கல்லூரிகளில் நான்காம் ஆண்டு வகுப்பு நடப்பது அதுவே முதல் முறை.