துடக்கும் தோழமையும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பெண்பிள்ளைகளின் இளமைத் தோழமைக்கு எல்லையாய் அமைந்தது பூப்பு. அதுவரை ஒழுங்கையிலே கிளித்தட்டு மறித்தும், முற்றத்திலே கொக்கான் வெட்டியும் திரிந்தவள், பெரியபிள்ளையானதும் துடக்குக்காரியாய் மூலையில் இருத்தப்பட்டாள். பாயும் பாத்திரமும் வேறாயின. நல்லெண்ணெய், முட்டை, உளுத்தங்களி ஆகியன ஊட்டப்பட்டமை அவளுடல் தேறவேண்டுமென்ற அக்கறையைக் காட்டும். கட்டாடியார் வீட்டுப் பெண் மாற்றுச்சேலை கொணர்வாள். துடக்குச்சீலை வெளுக்கும் பணி தாழ்த்தப்பட்டோர்மீதே சுமத்தப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. நீராட்டுடன் துடக்குக் கழிந்ததேயன்றி மறிப்புக் கழியவில்லை. கிடுகு வேலிக்கு அப்பால் இருந்த தோழியும், பள்ளிக்கூடமும் ஒருங்கே தொலைந்தன.

இவ்வழக்கத்தை முதலில் அசைத்தது விடுதிப்பள்ளியே. 1816இல் வந்த அமெரிக்க மிசனார், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப்பள்ளியைத் தொடங்கினர். ஹரியற் வின்சிலோ அம்மையார் அதனை நடத்தினார். பெற்றோர் முதலிற் பெரிதும் தயங்கினர். படித்த பெண்ணை யார் மணப்பார் என்பதே அவர்தம் கவலை. மணஞ்செய்த மாணவியர்க்கு மிசன் சீதனமும் வழங்கியமை இதனாலேயாம். மதமாற்ற நோக்கு அதில் இருந்தமையை மறுத்தற்கில்லை. ஆயினும், பூப்பின் பின்னரும் ஒத்த வயதினர் ஒருங்கிருந்து பயின்றமை அக்கால யாழ்ப்பாணத்திற்குப் புதிது. 1840 முதல் 1879 வரை அங்குப் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரிடம் கற்றோர் பலர், தாமும் ஆசிரியைகளாயினர்.

சைவப் பெண்களுக்கென விடுதியுடன் ஒரு கல்லூரியைப் பொன்னம்பலம் இராமநாதன் அயலூராகிய மருதனார்மடத்தில் நிறுவியது 1913இலேயே.