நான்கு தந்திகளும் ஒரு பழம் பண்ணும்

அண்மையில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றில், விருந்து முடிந்த பிற்பகலில், இளைஞர் ஒருவர் உகுலேலே என்னும் சிறு கருவியை மடியில் ஏந்தி, நான்கே சுரக்கூட்டுகளை மாறி மாறி மீட்டினார். கூடியிருந்தோர் பேச்சடங்கிச் செவிசாய்த்தனர். முதியவர் ஒருவர், "இஃது அந்தலுஸின் இசையன்றோ! கருவியும் பண்ணும் நம்மவர் ஈந்த சொத்து" என்று பெருமிதத்துடன் மொழிந்தார். அவர் கூற்றில் உண்மை எத்துணை? வரலாற்றிடமே கேட்போம்.

அவ்விளைஞர் மீட்டியது ஃபிரிஜியன் என்னும் சுரவரிசையைத் தழுவிய இசை. ஆதார சுரத்தை அடுத்து அரைச்சுர இடைவெளியிலேயே இரண்டாம் சுரம் நிற்பது இதன் தனி இயல்பு. நம் கருநாடக இசையில் எட்டாம் மேளமாகிய அனுமத்தோடியின் ஏழு சுரங்களும் இவையே. கமகங்களால் தோடி வேறு உருக்கொள்ளினும், ஏங்க வைக்கும் அந்தச் சாயல் இரண்டிற்கும் பொது.

உகுலேலேயின் தந்திகள் 'ஜி', 'சி', 'ஈ', 'ஏ' எனச் சுருதி கூட்டப்படுவன. 'ஜி' தந்தியின் 2ஆம் மெட்டை மட்டும் அழுத்தினால் 'ஏ மைனர்' ஒலிக்கும். அடுத்து, 'சி', 'ஏ' தந்திகளின் 2ஆம் மெட்டையும் 'ஈ' தந்தியின் 3ஆம் மெட்டையும் அழுத்த, 'ஜி' கூட்டு. பின்னர், 'ஜி' தந்தியின் 2ஆம் மெட்டோடு 'ஈ' தந்தியின் முதல் மெட்டையும் சேர்க்க, 'எஃப்' கூட்டு. முடிவில், முதல் மூன்று தந்திகளை 4ஆம் மெட்டிலும் 'ஏ' தந்தியை 2ஆம் மெட்டிலும் அழுத்த, ஆதாரமாகிய 'ஈ' கூட்டில் இசை வந்தடைகிறது. 'எஃப்'பிலிருந்து 'ஈ'க்கு இறங்கும் அந்த அரைச்சுரத்திலேதான் உருக்கம் முழுதும் அடங்கியுள்ளது. இறுதிக் கூட்டில் காந்தாரம் அரைச்சுரம் உயர்வதால், அரபு இசையின் ஹிஜாஸ் மகாம் நினைவுக்கு வருகிறது. முதியவர் உள்ளம் அந்தலுஸை நாடியதற்குக் காரணம் இதுவே.

இனிப் பெயரை நோக்குவோம். ஃபிரிஜியா என்பது இன்றைய துருக்கியின் அனத்தோலியாவிலிருந்த பழம் நாடு. கிரேக்கர் அதன் பெயரால் ஒரு பண்ணை அழைத்தனர். ஆயின் 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திருச்சபை அறிஞர் கிரேக்கப் பெயர்களைத் தம் பண்களுக்குச் சூட்டுங்கால் அவை இடம் மாறிவிட்டன. இன்று நாம் ஃபிரிஜியன் என்பதைக் கிரேக்கர் டோரியன் என்றனர்!

கருவியின் கதையோ வேறு. 1879 ஆகஸ்டில், போர்ச்சுக்கலின் மடெய்ரா தீவிலிருந்து ராவன்ஸ்கிராக் என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பெற்ற நானூற்றுக்கும் மேற்பட்டோரை ஹொனலூலுவில் இறக்கியது. அவர்களுள் மானுவல் நூனெஸ் முதலிய மூன்று மரவேலைக் கலைஞர் இருந்தனர். மடெய்ராவின் சிறு நான்கு தந்திக் கருவியே அவர்கள் கைவண்ணத்தில் உகுலேலே ஆயிற்று. ஹவாய் மன்னர் கலாகவா அதனை அரண்மனையில் ஏற்றிப் போற்றினார். கிதார் குலத்துதித்த இக்கருவி அரபு ஊதின் நேர்வாரிசு அன்று. ஊதுக்கும் தொடக்கத்தில் நான்கு தந்திகளே, கி.பி. 822இல் குர்துபா வந்த ஸிர்யாப் ஐந்தாம் தந்தி சேர்த்தாரென அல்மக்கரீ எழுதுகிறார். ஆயினும் எண்ணொற்றுமை உறவாகிவிடாது.

சுரக்கூட்டுகளின் நிலையும் அத்தகையதே. அரபு மரபிசை ஒற்றைச் சுர ஓட்டத்தில் நடப்பது. பல சுரங்களை ஒருங்கே அடுக்கும் முறை ஐரோப்பியரது. நான்கு படிகளாய் இறங்கும் இவ்வமைப்பு 17ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புலம்பற் பாடல்களிலும் உண்டு. ஸ்பெயினின் ஃபிளமெங்கோ உருப்பெற்றதோ கிரானடா வீழ்ந்த 1492க்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளின் பின்னரே.

அங்ஙனமாயின் முஸ்லிம்களின் பங்கு ஏதுமில்லையா? உண்டு, மறுக்கவொண்ணாதது உண்டு. அல்ஊத் என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பியரின் லூட் ஆயிற்று. கி.பி. 950இல் மறைந்த அல்ஃபாராபி தம் கிதாபுல் மூஸீக்கல் கபீரில் தந்தியின் நீளத்தை அளந்து சுரங்களைக் கணக்கிட்டுக் காட்டினார். கிரேக்கரின் கிதாரா அரபியரின் கீதாராவாகி, ஸ்பானியரின் கிதாராவாயிற்று என்பர். கிரேக்கரிடம் பெற்றதை மெருகேற்றி மேற்கே கொடுத்த பெருமை அது.

இவ்வளவே நமக்குரியது, இதுவே போதியதும் ஆகும். நம்முடையதல்லாத ஒன்றை நம்முடையதென்போமாயின், உண்மையில் நம்முடையதையும் உலகம் ஐயுறும். அனத்தோலியா பெயர் தந்தது. ஐரோப்பா கூட்டுகளை அடுக்கிற்று. மடெய்ராத் தொழிலாளர் கருவியைக் கடல் கடத்தினர். அந்த இளைஞரின் விரல்களிடையே ஒலித்தது இவர்கள் அனைவரின் உழைப்புமே. அடுத்த முறை அம்முதியவரைக் காணும்போது, அவர் பெருமிதத்தைக் குறைக்காமல் இதனைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.