வன்னிக் காட்டு வழியும் சொல்லிசையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து இலங்கைக்குப் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, வன்னியின் தென்புறக் காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாகவே சென்றனர். தாகமும் வாந்திபேதியும் அவ்வழியில் பலரை மாய்த்தன. எஞ்சியோர் மலையேறிக் காடு திருத்திக் கோப்பி பயிரிட்டனர். கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை பயிரிட்டனர். ஆயினும் குடியிருந்த லயத்து அறைகூட அவர்களுக்குச் சொந்தமாகவில்லை.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பாகப்பிரிவினையில் ஆடுமாடுகளின் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. இவர்களையும் எவரும் கேட்கவில்லை.

ஒரு கிளை கடல் கடந்து தமிழகம் சென்றது. மற்றொரு கிளை வன்னிக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டங்களில் நிலவிய பட்டினியும், 1977-ஆம் ஆண்டு வன்செயலும் பல குடும்பங்களைக் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குத் துரத்தின. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்த முயன்றது. 1983-இல் இருவரும் சிறைப்பட்டனர்; அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களில் அம்மக்கள் கூலிக்கு நாற்று நட்டனர். மீண்டும் பிறர் நிலம்!

இனி, சொல்லிசையின் வரலாற்றுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ராப் எனப்படுவதும், ஹிப் ஹாப் என்னும் பெருங்கலையின் ஓர் அங்கமுமாகிய இது, 1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு நடன விருந்திலே பிறந்ததாகக் கூறுவர். அங்கு இசைத்தட்டுச் சுழற்றிய கூல் ஹெர்க் ஜமேக்காவிலிருந்து குடியேறியவர். கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்த தீவு அது. 2006-இல் யோகி பி குழுவினர் ‘வல்லவன்’ என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்ட மலேசியாவோ, தமிழர் இரப்பர் பால் வெட்டிய நாடு. தோட்டம் இருந்த இடங்களில் இக்கலை எளிதில் வேர்கொள்வது தற்செயல் எனத் தோன்றவில்லை. ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் பழகிய நாவுக்குத் தாளத்தோடு பேசுவது புதிதன்று.

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்னும் இளங்கவிஞர் அக்கடல் கடந்த கிளையின் பேரர். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 2017-இல் சென்னையில் தோன்றிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய அறிவு, 2019-இல் ‘தெருக்குறள்’ என்னும் தனித் தொகுப்பைத் தந்தார். திரைப்படத்தின் தயவின்றித் தமிழ்ப்பாட்டு வாழ இயலாது என்ற எண்ணத்தை இம்முயற்சிகள் அசைத்தன. 2021 மார்ச் 7-ஆம் நாள், மாஜா என்னும் சுயாதீன இசைத்தளம் ‘என்ஜாய் எஞ்சாமி’யை வெளியிட்டது. சந்தோஷ் நாராயணன் இசையமைக்க, ஈழத் தமிழ் வழிவந்த தீ என்னும் பாடகியுடன் அறிவு பாடினார். பாட்டியின் நினைவும், பாடுபட்டவனுக்குப் பலன் கிட்டாத துயரமும் அப்பாட்டின் கரு. ஆட்டத்துக்குரிய மெட்டில் ஒப்பாரி ஒளிந்திருப்பதைப் பலர் முதற்கேள்வியில் உணரவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், இசை ஏடொன்று அப்பாடலின் புகழைப் பேசும் முகப்பில் அறிவின் படத்தை விட்டுவிட்டதும், கண்டனம் எழுந்தபின் அவருக்கெனத் தனி முகப்பு வெளியானதும் பாட்டின் பொருளுக்கே உரையெழுதியது போலாயின.

வன்னிக் கிளையின் கதைக்கு அத்தகைய பாட்டு வாய்க்கவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தது. ஆனால் 2009-ஆம் ஆண்டுப் போர் கிளிநொச்சி மக்களை முள்ளிவாய்க்கால் வரை நடத்திச் சென்றபோது, மலையகத்தார் வழிவந்தோரும் அவ்வழியே நடந்தனர், மாண்டனர். மீண்டு வந்தவர்களுட் பலர் காணிக்கு உறுதியோ அனுமதிப்பத்திரமோ இன்றி அலைந்தனர்.

மலையக மக்களின் வருகைக்கு இருநூறாண்டு நிறைந்ததையொட்டி, 2023 ஜூலை இறுதியில் ஒரு கூட்டத்தார் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். காணியுரிமை அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.