நினைவு இருக்கும்போதே எழுத வேண்டிய தாள்

காலையில் வேப்பம்பட்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடக்கப் போகும் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் உரக்கப் பேசுவோம். மறதி நோய் என்றால் மட்டும் குரல் இறங்கிவிடும். என் அக்காவுக்கு வந்தபிறகு எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது.

புதுச்சேரியில் நாங்கள் இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். கடைசி வருஷத்தில் அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சிறுவயதில் மனப்பாடம் செய்த பிரெஞ்சு வாய்ப்பாடு மட்டும் பிசகாமல் வந்தது. விழுங்க முடியாமல் போனதும் மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்டார். போட வேண்டும் என்றான் தம்பி. மூன்று வருஷம் ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட அக்கா மகள் வேண்டாம் என்றாள். அக்கா என்ன விரும்பியிருப்பாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போட்டோம். அவள் பிடுங்கி எறியாமலிருக்கக் கையைக் கட்டினார்கள். ஐந்து மாதம்.

இது புதிய கேள்வி அல்ல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதைப் புறநானூறு சொல்கிறது. அது தெளிந்த மனதோடு அவனே எடுத்த முடிவு. விருதுநகர் பக்கத்துத் தலைக்கூத்தல் வேறு. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை ஊற்றி முதியவரை அனுப்பிவைப்பார்கள். அவரை யாரும் கேட்பதில்லை. அது கொலைதான். இந்த இரண்டுக்கும் நடுவே சட்டம் வழி காண வெகுகாலம் ஆயிற்று.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தலாமா என்ற வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், மனுப் போட்ட எழுத்தாளரின் பேச்சைவிட, அத்தனை வருஷம் அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களின் பேச்சுக்கே மதிப்புக் கொடுத்தது. அவர்கள் அருணா வாழட்டும் என்றார்கள். 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார். ஆனாலும் அந்தத் தீர்ப்புதான், கடுமையான நிபந்தனைகளோடு, உயிர் நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்த முதலில் வழி திறந்தது.

பிரான்சில் 2005-இலேயே லெயொனெத்தி சட்டம் வந்தது. ஒருவர் தன் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை 'திரெக்திவ் ஆந்திசிப்பே' என்பார்கள். அதே 2005-இல் 'காமன் காஸ்' அமைப்பு நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 2018 மார்ச் 9-இல். முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் செல்லும் என்றார்கள். ஆனால் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றதால் யாரும் அலையத் தயாராயில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும். நமக்காகப் பேச ஒருவருக்கு மேலும் பெயர் குறிக்கலாம். பிழைக்க வழியில்லாத நோயில், நம்மால் சொல்ல முடியாத நிலை வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்க எந்த அனுமதியும் இல்லை.

இதில் ஒரு நிபந்தனைதான் நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். எழுதும்போது புத்தி தெளிவாக இருக்க வேண்டும். மறதி முற்றியபின் பேனாவைக் கையில் கொடுத்துப் பயனில்லை.

வேலையிலிருந்த காலத்தில் கெசட்டட் கையெழுத்துக்காக எத்தனையோ பேர் என் மேஜை முன்னால் நின்றிருக்கிறார்கள். இப்போது என் முறை. மகன் பெயரோடு அக்கா மகள் பெயரையும் எழுதப்போகிறேன் என்றதும் மகனுக்கு முகம் வாடிவிட்டது. குழாயைப் பார்த்தவள் அவள்தான், அதனால்தான் என்றேன். மனைவி முதலில் "அச்சானியமா பேசாதீங்க" என்று திட்டினாள். ராத்திரி சாப்பாடு போடும்போது, "எனக்கும் ஒண்ணு எழுதிடுங்க" என்றாள்.